அடக்கப் பாட்டு

கணக்குப் பாடத்துக்கு வால்ட்ஸ் இசைதான் பொருத்தம். அந்தத் தாளத்தில் கூட்டலும் கழித்தலும் தானாக ஓடும். கட்டுரை எழுத மெதுவான வயலின். வகுப்பைப் பெருக்கித் துடைக்க எங்கள் கோலோ நடனப் பாட்டு. இருபத்தாறு வருடத்தில் இந்த ரதோய்கா டீச்சர் கண்டறிந்தது இது. மலைமேல் ஒரே அறைப் பள்ளி, பதினோரு பிள்ளைகள், ஒரு விறகு அடுப்பு, என் பாட்டுப்பெட்டி. வேறு எதை வைத்து அவர்களைக் கட்டி மேய்ப்பேன், சொல்லுங்கள் ஐயா.

கோலோவில்தான் தொல்லை. ஆட ஆரம்பித்தால் உட்கார மாட்டார்கள். நவம்பரில் ஒருநாள் அது முடிந்ததும் பெட்டியை நிறுத்த மறந்துவிட்டேன். அடுத்து சவ அடக்கத்துக்கு வாசிக்கிற பாட்டு வந்தது. இந்தச் செர்பிய மலைகளில் பித்தளை வாத்தியக்காரர்கள் கல்யாணத்துக்கும் வருவார்கள், சாவுக்கும் வருவார்கள். இரண்டு பாட்டும் ஒரே இசைத்தட்டில் இருந்தன.

ஒன்பது வயது ஸ்தாமெனா காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் சுருண்டாள். மரம் சாய்ந்து செத்த அவள் அப்பாவை ஒரு மாதம் முன்பு அந்தப் பாட்டோடுதான் குழியில் இறக்கியிருந்தார்கள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

அதன்பின் அந்தப் பாட்டை வாரம் ஒருமுறை போட்டேன். ஜனவரியிலிருந்து தினமும். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று ஸ்தாமெனாவை முன்வரிசைக்கு மாற்றினேன். கொஞ்ச நாளில் பாட்டே தேவைப்படவில்லை. பொத்தான்மேல் விரலை வைத்தால் போதும்.

"டீச்சர், நாங்க வாயே தொறக்க மாட்டோம். அதப் போடாதீங்க, ஸ்தாமெனா செத்துருவா," என்றான் ஓப்ராத். வகுப்பிலேயே வாயாடி அவன். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் இரக்கம் காட்டக் கற்றுக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அவள் அம்மா ல்யூபிங்கா வந்தாள். நான் கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"புள்ள தூக்கத்துல படுக்கைய நனைக்குது டீச்சர். 'அப்பாவ மறுபடியும் எறக்குறாங்க'ன்னு அலறுது. ஒங்க கால்ல வேணா விழுறேன், அந்த ஒரு பாட்டு மட்டும் வேணாம்."

"பயம் பழகப் பழகப் போயிடும்மா. அவ நல்லதுக்குத்தான் செய்யிறேன்," என்றேன்.

பிப்ரவரியில் நகரத்திலிருந்து கல்வி அதிகாரி வரும் நாள். வெளியே முழங்கால் அளவு பனி. பிள்ளைகள் பரபரப்பாக இருந்தார்கள். அவர் வருவதற்குச் சற்று முன் பொத்தானை அழுத்தினேன். ஸ்தாமெனா இந்த முறை மேசைக்கடியில் ஒளியவில்லை. எழுந்தாள், பின்கதவைத் திறந்தாள், வெளியே ஓடினாள். குளிர் உள்ளே வந்தது. கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

அதிகாரி இரண்டு மணி நேரம் இருந்தார். நடுவில் ஓப்ராத் கையைத் தூக்கினான். "டீச்சர், ஸ்தாமெனா வெளிய..." என் விரல் பெட்டிக்குப் போனது. அவன் கையை இறக்கிக்கொண்டான். இவ்வளவு ஒழுங்கான வகுப்பைப் பார்த்ததே இல்லை என்று அதிகாரி குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில், அப்பாவின் சிலுவையைக் கட்டிப்பிடித்தபடி விறைத்துக் கிடந்தாளாம்.

அவளை மறந்துவிட்டேனா என்று விசாரணையில் கேட்கிறீர்கள். இல்லை ஐயா. அவளுடைய கம்பளிக் கோட்டு எனக்கெதிரே ஆணியில் தொங்கியது. பின்கதவு ஒரு முறை தட்டப்பட்ட சத்தமும் எனக்குக் கேட்டது. அதிகாரி போனபிறகாவது தேடியிருக்கலாம். ஆனால் மணியடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பிள்ளைகள் அவ்வளவு அழகாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.