கோவத்தைக் காணோம்

பூந்தமல்லியில் ஆவடி பஸ். ஜன்னல் வழியே கர்ச்சீப் எறிந்து இடம் போட்டிருந்த தாடிக்காரர், ஏறி வந்து பார்த்தால் அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். தாடிக்காரர் பேசாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். கூட வந்த நண்பருக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா மாமே, எழுப்பி வுடாம நின்னுகினு கீறே? இதே பஸ்ல ஒருத்தன் சட்டயக் கிழிச்சவனாச்சே நீ!"

"கோவம் வர மாட்டேங்குதுடா."

"அடக்கிகினு கீறியா?"

"அடக்கறதெல்லாம் இருவது வருசமா பண்ணிப் பாத்துட்டேன், ஒரு நாளும் முடியல. இது நான் பண்ணல. இயேசப்பா எட்த்துகினாரு. தேடிப் பாத்தாலும் இல்ல."

நெரிசலில் அதற்குள் இரண்டு பேரை முறைத்து முடித்திருந்த நான், காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினேன்.

நண்பர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ ஒண்ணு சொல்லிட்றேன். போன வருசம் உன் ஆட்டோ கண்ணாடிய ஒட்ச்சது நான்தான்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே தெரியும். உன் மண்டய ஒடைக்கத்தான் உருட்டுக்கட்டையோட உன் ஊட்டுக்குக் கெளம்பினேன். முத்தாபுதுப்பேட்ட கிட்ட மழ புட்ச்சிகிச்சு. ஒதுங்க எடமில்லாம ஒரு ஜெப ஊட்டுக்குள்ள பூந்தேன். அழுதுகினேதான் வெளிய வந்தேன்."

நண்பர் தாடிக்காரரின் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்தக் கட்ட?"

"அங்கியேதான் கீது. காத்துல கதவு சாத்திக்குதுன்னு, அத்த முட்டு குட்த்துத் தொறந்து வெச்சிகீறாங்க."