வடக்குச் சேறு இன்னும் இரண்டு ஆண்டு மூடியிருக்கும்

முன்வரிசையில் இருப்பவர்கள் என் கையிலுள்ள தாளை எட்டிப் பார்க்க வேண்டாம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னியுங்கள். போன குளிர்காலத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு பகல் போய்விடுகிறது. ஆனால் இது முழுக்க நானே எழுதியது! படிக்கும்போது நடுவில் நின்றால், கிழவன் அழுகிறான் என்று நினைக்காதீர்கள். அடுத்த எழுத்தைத் தேடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்ட மன்றத் தலைவர் அவர்களே! மன்ற உறுப்பினர்களே! கால்மேபோ மீனவர் சங்கத்துச் சொந்தங்களே! கையில் துக்கப் பட்டை கட்டி உட்கார்ந்திருக்கும் தம்பி தோ மன்போக் அவர்களே! உங்கள் மனைவி, எங்கள் மன்ற உறுப்பினர் ஓக் புன்ரே அம்மையார், வெள்ளைச் செவ்வந்திப் பூக்களுக்கு நடுவே படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றிப் பேச, சங்கத் தலைவன் மா சாங்சொக் உங்கள் முன் நிற்கிறேன்.

யார் இந்த ஓக் புன்ரே? சேற்றில் மட்டி தோண்டியவர். அதைச் சந்தையில் கூவி விற்றவர். தேர்தலில் நின்றவர். நின்றார் என்றா சொன்னேன்? புதைந்தார்! கடல் உள்வாங்கிய நேரம், ஓட்டுக்காரர்கள் எல்லாரும் சேற்றில் இருந்தோம். பிரசார வண்டியை நேரே எங்களிடமே விடச் சொன்னார். ஓட்டுநர் மலைப்பக்கத்து ஆள். சக்கரம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. தூரத்தில் தண்ணீர் திரும்பி வருகிறது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

"ஏ புன்ரே, ஓட்டு கேக்க வந்தியா, கப்பல் விட வந்தியா?"

வண்டிக் கூரையில் ஏறி நின்று ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னார்: "ஓட்டு அப்புறம் போடுங்கய்யா, முதல்ல கயிறு போடுங்க!"

எதிர்க்கட்சிக்காரரின் டிராக்டர்தான் வந்து இழுத்தது. அன்றைக்கே தெரிந்துவிட்டது, அவர் ஜெயித்துவிடுவார் என்று.

மன்றத்துக்குப் போனவர் எதற்காகச் சண்டை போட்டார்? நம் வடக்குச் சேற்றுக்காக. அதை மண்ணடித்து, கடலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, தொழிற்சாலைக்குக் கொடுக்கத் திட்டம். "அங்க ஒரு உயிரும் இல்லையே, வெறும் சேறுதானே" என்றார்கள். அதில் பொய்யும் இல்லை. ஊரே சேர்ந்து சுரண்டி முடித்திருந்தது. மட்டி இல்லை, நண்டு இல்லை, கரண்டிவாயன் பறவைகூட மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடும். அம்மையார் மன்றத்தில் எழுந்து கேட்டார்: "ஐந்து ஆண்டு யாரும் காலே வைக்காமல் விட்டால்?" மன்றம் ஒப்புக்கொண்டது; நம் சங்கமும் கூடி முடிவெடுத்தது. ஐந்தாம் ஆண்டு முடிவில் வந்து பார்ப்பார்கள். உயிர் திரும்பியிருந்தால் சேறு நமக்கு. இல்லையென்றால் சுவர்.

நம் சங்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் ஒலிபெருக்கியில் "கடல் திறந்தாச்சு" என்று சொன்னால்தான் யாரும் இறங்கலாம். மூடிய இடத்தில் ஒருவர் இறங்கினாலும் அந்த வீட்டின் பெயரை ஊர் கேட்கச் சொல்வோம். அந்தப் பருவம் முழுக்க அந்த வீட்டுக்குக் கடல் கிடையாது.

மூடிய இரண்டாம் ஆண்டு, மன்ற உறுப்பினர்கள் சிலர் சேற்றைப் பார்க்க வந்தார்கள். இன்று மேடையிலும் இருக்கிறார்கள். அம்மையார் வீட்டில் மட்டிச் சாற்றில் நூடுல்ஸ் விருந்து. அம்மையார் ரசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கணவரிடம் கேட்டார், "இவ்வளவு கொழுத்த மட்டி எங்கய்யா கிடைச்சுது?"

மன்போக் தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. "வந்தவங்களுக்குப் பொடி மட்டியா போடுவாங்க? வடக்குல போய் ஒரு வாளி எடுத்தேன்!"

அம்மையார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்க சாப்பிட்டது மூடி வெச்ச இடத்து மட்டி. எடுத்தது என் வீட்டு ஆள்."

வந்த உறுப்பினர்களில் ஒருவர் சிரித்தார். "அப்போ அங்க உயிர் வந்துடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சே அம்மா!"

"வந்தது ஒரு வாளி. அதையும் நாம முடிச்சாச்சு."

நேராக என்னிடம் வந்தார். "அண்ணே, மைக்கைப் போடுங்க."

"யார் பேரைச் சொல்லணும்?"

"என் பேரை."

"அந்த மனுஷன் பண்ணினதுக்கு உன் பேரா?"

"வீட்டுக்கு ஒரு பேர்தானே சங்கத்துல? அது என் பேர்."

சொன்னேன். அந்த வசந்தகாலம் முழுக்க அந்த வீட்டுக்குக் கடல் இல்லை. மன்போக் தம்பி கரையில் உட்கார்ந்து நாங்கள் தோண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதவியில் இருப்பவர் தன் வீட்டுக்குத் தானே தண்டனை கேட்டு வாங்கியதை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அதன் பிறகு வடக்கில் யார் இறங்கினார்கள்? ஒருவரும் இல்லை! இந்த இலையுதிர்காலத்தில் கரண்டிவாயன்கள் கூட்டமாக வந்து இறங்கின. அம்மையார் மருத்துவமனையில் இருந்தார். போனில் சொன்னேன். "எண்ணிப் பாத்தீங்களா அண்ணே?" என்றார். "எண்ண விடாம ஓடியாடுது" என்றேன். சிரித்தார்.

மூன்று ஆண்டு முடிந்தது. இரண்டு ஆண்டு மிச்சம்.

நேற்று சாவு வீட்டில் சூப்பும் சோஜு சாராயமும் பரிமாறும்போது தம்பி பொங் கிசூ என்னைக் கேட்டார்: "அந்தம்மா போயாச்சு. மட்டி காலடியில கிடக்குது, என் வீட்டுல ரெண்டு பேர் படிக்கிறாங்க. இனிமே யாருக்காக அண்ணே மூடி வெக்கணும்?"

நியாயமான கேள்வி. கிசூ பேராசைக்காரர் இல்லை. கேட்க நினைத்த பலருக்காக அவர் கேட்டார். பதிலை இப்போது எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தம்பி கிசூ! இப்போது திறந்தால் ஒரே பருவத்தில் தோண்டி முடித்துவிடுவோம். நம்மை நமக்குத் தெரியாதா? பார்க்க வருகிறவர்கள் வெறும் சேற்றைப் பார்ப்பார்கள். அடுத்து சுவர் வரும். அம்மையார் மூடச் சொல்லிக் கேட்டார், அவ்வளவுதான். அவருக்கு இருந்தது ஒரே ஓட்டு. மூடியது யார்? சங்கக் கூட்டத்தில் கை தூக்கிய நாம்! அவர் போய்விட்டார். கை தூக்கியவர்கள் எல்லாரும் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறோம்?

அம்மையாரே, வருகிற வாரம் கடல் திறக்கும் நாள். தெற்கு திறந்தாச்சு என்று நான் சொல்வேன். வடக்கு மூடியிருக்கிறது என்றும் சொல்வேன். அதற்கு அடுத்த ஆண்டும் சொல்வேன். எனக்குக் குரல் போனால் கிசூ சொல்வார். இல்லையா, தம்பி?