நடந்து போன தேக்கு

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ். முன் ஆசனத்தில் இருந்தவர் போனைப் பார்த்துக் கத்தினார்.

"நானா, என்ட தேக்கு நடக்குது!"

 மரம் பஸ்ஸுக்குள் ஏறிவிடும் என்பதுபோலக் காலைத் தூக்கி ஆசனத்தில் வைத்துக்கொண்டேன்.

"வெயில் தலைக்கேறிட்டா தம்பி?" என்றார் அவர் நானா, அதாவது அண்ணா, என்று கூப்பிட்ட பக்கத்து ஆசன மூத்தவர்.

"இல்ல நானா. கள்ளனுக்குப் பயந்து தோட்டத்து மரங்களுக்குள்ள சின்னக் கருவி வெச்சிரிக்கன். மரம் எங்க நிண்டாலும் போன்ல புள்ளியாத் தெரியும். இது நாங்க மன்னாரால எடம்பெயந்து வந்த வருஷம் வாப்பா நட்ட மொதல் மரம். வெட்டிட்டானுகள்!"

"இப்ப எங்க போகுது?"

"பாலாவிக்குக் கிட்ட. எங்களுக்கு நேர முன்னால!"

பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. படங்குத் துணியால் மூடிய லொறி ஒன்று போய்க்கொண்டிருந்தது. சாரதி ஹோர்ன் அடித்தபடி முந்திப்போய்ப் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினார். லொறிக்காரன் இறங்கி ஓடினான்.

தேக்குக்காரர் பாய்ந்துபோய்ப் படங்கைத் தூக்கினார். தேக்கு கிடந்தது. அதன்மேல் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை.

"சுப்ஹானல்லாஹ்!" என்றார் மூத்தவர் மெதுவாக. "வெட்டுப்பட்ட பொறகும் சொந்தக்காரனக் கூப்புட்டிரிக்கி."