முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்களில் ஒரு பெயர்

ரூசே நகர மூச்சுக்கருவி வழங்கல் அலுவலகத்தின் பணியோட்ட வடிவமைப்பாளராய் விளங்கி, முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் திருமதி ராட்கா தெர்சியேவா அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உவந்து அளிக்கும் மடல்.

கோப்புக் கட்டுகளின் காலத்தில் வந்து, கணினிக் கட்டங்களின் காலத்தையும் கட்டி ஆண்டவரே! நிதானத்தின் நிலைக்களனே! சூரியகாந்தி விதை கொறித்தபடியே சுற்றியிருப்போரின் சோம்பலையும் கொறித்துத் தீர்த்தவரே! வணக்கம்.

மூச்சு முட்டும் ஒருவர் கருவி கேட்டு விண்ணப்பித்தால், அது எந்த மேசைக்குப் போகும், யார் பார்ப்பார், எத்தனை நாளில் பார்ப்பார், பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் மென்பொருளில் பணிக்குப் பணி அமைத்து வைப்பது தங்கள் தொழில். கேட்பதற்குச் சின்ன வேலை. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நான்காண்டுகளுக்கு முந்தைய ஒரு பிப்ரவரி மாதக் காலையில் அந்த நினைப்பு மாறியது.

அன்று எங்கள் ஓட்டுநர் மிஞ்சோ, கருவியைத் திரும்பப் பெற்றுவரும்படி அச்சிட்ட சீட்டோடு ட்ருஷ்பா குடியிருப்பில் நான்கு மாடி ஏறினார். ஏறியவர் அங்கிருந்தே தங்களுக்குத் தொலைபேசினார்.

"மேடம், கருவிய எடுத்துட்டு வான்னு சீட்டுல இருக்கு. அந்த மனுஷன் அதை மூக்குல மாட்டிக்கிட்டுதான் எனக்குக் கதவே தொறந்தாரு. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"சீட்டைக் கிழிச்சுப் போடு. காப்பி குடுத்தாங்கன்னா குடிச்சிட்டு மெதுவா வா" என்றீர்கள்.

அவர் காப்பி குடித்து வருவதற்குள் தாங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அம்மனிதரின் புதுப்பிப்பு விண்ணப்பத்தைப் பார்க்கும் பணி 'மருத்துவக் குழு' என்ற பெயரில் ஏழு பேருக்குப் பொதுவாய்க் கிடந்தது. பலர் கூடினால் பாம்பு சாகாது என்பார்களே, அதுபோல ஏழு பேரும் மற்ற ஆறு பேரை நம்பியிருந்தார்கள். பத்து நாள் பதில் இல்லையென்றால் விண்ணப்பத்தை முடித்துவிடு என்று மென்பொருள் தானாகவே வைத்திருந்த அமைப்பு, பத்தாம் நாள் விண்ணப்பத்தை முடித்து, கருவியைத் திரும்பப் பெறும் சீட்டையும் அச்சிட்டு, தன் கடமையைச் செவ்வனே செய்து முடித்திருந்தது.

அந்த அமைப்பை மாற்றாமல் விட்டவர் யார் என்ற கேள்வி மறுநாள் கூட்டத்தில் எழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை தெரிந்தவர்கள் அறையில் பலர் இருந்தோம். தாங்கள் எழுந்து நின்றீர்கள்.

"நான்தான். வெள்ளிக்கெழம வீட்டுக்குப் போற அவசரத்துல அந்தக் கட்டத்தைப் பாக்காம விட்டுட்டேன். அவரு வீட்டுக்கு நானே போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன்."

பாராட்டு மடலில் பிழையை எழுதுவதா என்று எங்களுக்குள்ளும் வாதம் நடந்தது. எழுதத்தான் வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தங்களோடு பணியாற்றுவதில் நாங்கள் கொண்ட பெருமையை வேறெப்படியும் சொல்ல முடியாது.

அதன்பின் நான்கு மாதம் அலுவலகத்தைப் படாத பாடு படுத்தினீர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பணிகளையும் ஒவ்வொன்றாய்த் திறந்து, குழுப் பெயரை நீக்கி, ஆள் பெயரை இட்டீர்கள். "பேரு, நாளு, மாத்து ஆளு எல்லாம் கேட்டாச்சு. அடுத்து என் ரத்த வகையையும் கேப்பீங்க போலிருக்கு" என்றார் பதிவறை வெலிச்கா. "அதுக்கும் ஒரு கட்டம் இருந்தா கேக்க மாட்டேனா?" என்று சிரிக்காமலே சொன்னீர்கள்.

இயக்குநர் காவ்ரைலோவ் அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. "ராட்கா, ஒரே ஒருத்தர் பேரைப் போட்டுட்டு அவரு கடற்கரைக்கு லீவுல போயிட்டா?"

"யாருகிட்ட குடுத்துட்டுப் போறேன்னு எழுதிட்டுப் போகட்டும் சார். எழுதலைன்னா லீவு மனு நகராது. அதையும் நேத்தே போட்டுட்டேன்."

எல்லாரும் தவறினால் கடைசியாய் யாருக்குப் போவது என்ற கட்டம் மட்டும் மிஞ்சியது. கை தூக்க ஆளில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டிலும் தங்கள் பெயரையே எழுதினீர்கள். இந்த நான்காண்டுகளில் எங்கள் கை நழுவிய ஆயிரத்துச் சொச்சம் பணிகள் தங்கள் மேசையில் வந்து விழுந்தன. கருவியால் இன்னும் சுவாசித்துக்கொண்டிருக்கும் எவரிடமிருந்தும் ஒரு கருவிகூடத் திரும்பி வரவில்லை.

இன்று மாலை ஐந்து மணிக்குத் தங்கள் மென்பொருள் கணக்கு மூடப்படும். கடைசிக் கட்டம் வெற்றாய் இருந்தால் பழைய பத்துநாள் அமைப்பே திரும்ப வரும் என்று மென்பொருள் ஒரு வாரமாய் எச்சரித்துக்கொண்டிருந்தது. திங்களன்று இயக்குநர் கேட்டபோது எல்லாரும் கூரையைப் பார்த்தோம். "பேசாம 'அலுவலகம்'னு போட்ருவோமே" என்று யாரோ முனகினார்கள். தாங்கள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினீர்கள். எங்களுக்கு வெட்கமாய் இருந்தது.

தாங்கள் போனபின் முதலில் பேசியவர் மிஞ்சோ. "எனக்கும் ஒரு கணக்கு தொறந்து குடுங்க. கருவி எடுக்கப் போற வேலையில கடைசியா என் பேரு இருக்கட்டும். கதவைத் தட்டுறவன் நான்தானே?" அதற்குமேல் யாரும் கூரையைப் பார்க்கவில்லை. இயக்குநர் தம் கையாலேயே தம் பெயரைத் தட்டச்சு செய்தார், இரண்டு பிழைகளோடு. கணினிப் பிரிவு யாசென் அதைத் திருத்தினார்.

அம்மையீர்! பசர்போவோ தோட்டத்துப் பாதாமிப் பழமரங்கள் தங்களுக்காகக் காத்திருக்கின்றன. முழங்கால் வலி முற்றும் நீங்கி, மூச்சு சீராய் ஓடி, பேரன்பு சூழப் பல்லாண்டு வாழ்க! தொலைபேசி ஒலித்தால் அது நலம் விசாரிக்கவே இருக்கும். வேலைக்காக அழைக்க மாட்டோம்.

இத்தகைய மடல்களின் அடியில் 'அலுவலர்கள்' என்று ஒப்பமிடுவது வழக்கம். தங்களுக்கு அப்படி ஒப்பமிட எங்களுக்குத் துணிவில்லை.

தங்கள் இடத்தில்,

டாக்டர் அசென் காவ்ரைலோவ், இயக்குநர்: 96 பணிகள்
யாசென் கோலேவ், கணினிப் பிரிவு: 104 பணிகள்
வெலிச்கா ருசேவா, பதிவறை: 88 பணிகள்
மிஞ்சோ தாபகோவ், ஓட்டுநர்: 24 பணிகள்