வெள்ளிக்கிழமை இருமும் லோரி

கம்பாரிலிருந்து ஈப்போவுக்குத் தோட்டத்து லோரியில், ரப்பர் ஷீட்டுகளின் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். முன்னால் டிரைவரும், சந்தைக்குப் போகும் ஓர் அக்காவும் இருந்தார்கள். லோரி திக்கித் திக்கி இருமியது.

“வெள்ளிக்கிழமைன்னா மட்டும் இதுக்கு இருமல் வருதே, தம்பி?”

“அதான் புரியலக்கா. நேத்து நல்லாத்தான் ஓடுச்சி. இன்னைக்கும் மத்தியானமானா சரியாயிடும். ஆனா இன்னொரு தடவ வழியில நின்னா மாட்டு வண்டியே போதும்னுட்டாரு தொர. என் வேலையும் போயிடும்.”

“வெள்ளிக்கிழமை காலையில வண்டிக்கு என்னா செய்வ?”

“முனியாண்டிக்குப் பூச போட்டுட்டு, எஞ்சினு மேல மஞ்சத் தண்ணி விடுவேன்.”

“தெளிப்பியா, ஊத்துவியா?”

“மொதல்ல தெளிச்சேன், இருமுச்சி. சாமிக்குக் கொறை போலன்னு இப்ப ஒரு கொடம் ஊத்துறேன்.”

அக்கா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“ஈர வெறகே பத்திக்காது. ஈர எஞ்சின் எப்படிப் பத்திக்கும் லா?”

டிரைவர் யோசித்தார். லோரி இன்னொரு முறை இருமியது.

“சரிக்கா, இனிமே தண்ணி வேணாம். எஞ்சினுக்குச் சூடம் மட்டும் கொளுத்தி வெச்சிடுறேன்.”

அப்போதுதான் எனக்குப் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் போனேன்.