பச்சை ஒயர்

— டீல்லாம் வேணாம் ரெஜினாக்கா. எம்புருஷன் பாலா உங்க வூட்ல மாட்டிக் குடுத்த ஏ.சி.ய எவளோ ஒருத்தி வந்து பிரிச்சிப் போட்டு, வேல சரியில்லன்னு கோவளம் பூரா சொல்லிகினு போயிருக்கா. நேத்து ஒரு ஓட்டல்காரன் அவர வேலைக்கு வராதன்ட்டான். ஏன், இன்னான்னு கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்.

— கேளு தமிழு, தாராளமா கேளு. ஆனா ஊரு பூரா சொன்னது அந்தப் பொண்ணு இல்ல. நான்தான்.

— நீயா?

— நானேதான். மீன் ஏலத்துல சொன்னேன், கோயிலாண்ட சொன்னேன். பாலாவ கொறை சொல்லணும்னு இல்லம்மா. அந்தப் பொண்ணு சங்கவியப் பத்திப் பேசாம இருக்க முடியல. பேச்சோட பேச்சா பாலா பேரும் வந்திருக்கும்.

— அப்படி இன்னா பண்ணிட்டா அவ?

— எங்க வூட்டுக்காரரு ஜான்சனப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே. போட்லேர்ந்து விழுந்து கழுத்தெலும்பு ஒடஞ்சி நரம்பு போயி படுக்கையானதுலேர்ந்து அவருக்கு ஒடம்புல வேர்வையே வராது. சூடு ஏறினா எறங்காது, அப்படியே மயக்கமாயிடுவாரு. ரூமு எப்பவும் ஜில்லுனு இருக்கணும்னு டாக்டரு சொன்னதாலதான் இத வாங்கினதே. சீலிங்குக்கு மேல காத்து ஊதற பெட்டி, அங்கேர்ந்து தகரக் குழா வழியா மூணு ரூமுக்கும் காத்து.

— அது தெரியும். மாட்டினதே அவருதான.

— நல்லாத்தான் ஓடிச்சி. மழைக்காலம் முடிஞ்சதும் போர்டுல இருக்கற ட்ரிப் சுச்சு பட்டு பட்டுனு விழ ஆரம்பிச்சிது. கரண்டு எங்கியாச்சும் கசிஞ்சா கட் பண்ணுமே, அந்த சுச்சு. பாலாவக் கூப்ட்டேன். வந்தாரு, பாத்தாரு, போனாரு. அதுக்கப்பறம் விழவே இல்ல.

— பாத்தியா. ரிப்பேரு பண்ணித்தான குடுத்தாரு.

— நானும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன். போன வாரம் ஃபில்டரு கழுவறதுக்கு ஆளு வேணும்னு போன் போட்டேன். கூடுவாஞ்சேரிலேர்ந்து ஸ்கூட்டில வந்துச்சி சங்கவி. ஏணில ஏறி, பெட்டிமேல கைய வெக்கறதுக்கு முன்னாடி டெஸ்டர வெச்சிப் பாத்துச்சி. ஒடனே எறங்கிச்சி. காத்து வர்ற கிரில்ல ஈரக்கையோட யாராச்சும் தொட்டீங்களான்னு கேட்டுச்சி. பெட்டி ஒடம்புலயே கரண்டு கீதாம். குழாயில, கிரில்லுல, எல்லாத்துலயும்.

— கடல் காத்துல லேசா இருக்கத்தான் செய்யும்.

— அதையேதான் நானும் சொன்னேன். அது கேக்கல. மெயின ஆஃப் பண்ணி, போர்டுக் கதவுல ஒரு பூட்டப் போட்டு, சாவிய பாக்கெட்ல வெச்சிகிச்சி. நல்ல உச்சி வெயிலு தமிழு. ஜான்சனுக்கு மூஞ்சி செவந்துகினு வருது. இன்னிக்கு ஒரு நாளு ஓட்டிக்கறோம், நாளைக்கு வந்து பாருன்னு கெஞ்சினேன். அப்பறம் திட்டினேன். அவருக்கு எதனா ஆச்சின்னா நீதான்டி காரணம்னேன்.

— அதுக்கு இன்னா சொன்னா?

— கத்தவே இல்ல. "ஏ.சி. இல்லாம இவர நான் பாத்துக்கறேன்கா. இது ஓடும்போது நீங்க ஈரத்துணியோட கிரில்லத் தொட்டீங்கன்னா, அப்பறம் இவரப் பாத்துக்க யாரு இருக்கா?"ன்னு கேட்டுச்சி.

— அப்பறம் எப்படிப் பாத்துகிச்சி?

— பக்கத்து வூட்ல கேட்டு, அங்கேர்ந்து ஒயரு இழுத்து டேபிள் ஃபேன ஓட விட்டுச்சி. மீன் ஏத்தற எடத்துக்குப் போயி ஐஸு வாங்கினு வந்துச்சி. ஐஸ் தண்ணில துணிய நனச்சி அவரு ஒடம்பத் தொடைக்கறதுக்கு எனக்குக் காட்டிக் குடுத்துச்சி. அதுக்கப்பறம்தான் ஏணிய எடுத்துச்சி. நடுநடுவுல எறங்கி வந்து அவரு நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போவும்.

— மெயின்தான் ஆஃப்ல இருந்திச்சே. உள்ள கைய வெச்சி முடிக்க வேண்டிதான?

— அங்கதான் கேளு. பக்கத்து வூட்டு லைன்ல டெஸ்டர வெச்சி, டெஸ்டரு வேல செய்யுதான்னு மொதல்ல பாத்துகிச்சி. அப்பறம் பெட்டி ஒயர்ல வெச்சிது. ஒரு ஒயர்ல லைட்டு எரியுது. கரண்டு போனா பெட்டிக்கு மட்டும் குடுக்க வெச்ச இன்வெர்ட்டர் பேட்டரிலேர்ந்து வர்ற லைனாம். மெயின் ஆஃப்னு நம்பி தொட்டிருந்தா அந்தப் பொண்ணு மேலேர்ந்து பொணமாத்தான் எறங்கி இருக்கும். அதையும் கயட்டிப் போட்டுட்டு, திரும்ப ஒருவாட்டி பாத்துட்டுத்தான் கைய வெச்சிது.

— உள்ள இன்னாதான் இருந்திச்சி?

— பச்ச ஒயரு, கசியற கரண்ட மண்ணுக்குக் கொண்டு போறது, அத வெட்டி மடிச்சி சொருவி இருந்திச்சி. ட்ரிப் சுச்சு வழியா போவாம லைனு நேரா பெட்டிக்குப் போயிருந்திச்சி, அதான் சுச்சு விழல. உப்புக்காத்துல மோட்டார் ஒயரு தோலு உரிஞ்சி பெட்டியத் தொட்டுகினு இருந்திச்சி. "சுச்சு மேல தப்பு இல்லக்கா, அது உங்களக் காப்பாத்தத்தான் விழுந்துகினே இருந்திச்சி"ன்னு சொல்லிச்சி. பாலாவ ஒரு வார்த்த தப்பா பேசல. அவருக்குப் போன் போட்டு, "அண்ணா, வாங்க, ரெண்டு பேரும் சேந்து சரி பண்ணிடலாம்"னு கூப்ட்டுச்சி. அவரு கட் பண்ணிட்டாரு. உன்னாண்ட சொல்லலியா?

— சொல்லல.

— சரி வுடு. போர்டுலேர்ந்து பெட்டிக்குன்னே தனியா கனமான ஒயரு இழுத்துச்சி. கெணத்தாண்ட ஈர மண்ணுல புதுசா எர்த்து கம்பி எறக்கிச்சி. ஒவ்வொரு ஸ்குரூவையும் முடுக்கிட்டு, ஒயர இழுத்து இழுத்துப் பாக்கும். கடேசில ட்ரிப் சுச்சுல இருக்கற டெஸ்ட் பட்டன அமுக்கி, டக்குனு விழுதான்னு பாத்துச்சி. விழுந்த ஒடனே சிரிச்சிச்சி பாரு, அன்னிக்கு மொத தடவையா. பெட்டிய ஓட வெச்சி, மீட்டர்ல பாத்து, தன் கைய கிரில்லுல வெச்சி, அப்பறம்தான் என்னத் தொடச் சொல்லிச்சி. ஜான்சன் யாரையும் லேசுல புகழ மாட்டாரு. இந்தப் பொண்ணு கடல்ல போட் ஓட்டினா நான் கண்ண மூடிகினு ஏறுவேன்னாரு.

— அக்கா, அந்தப் பச்ச ஒயர வெட்டிட்டா ஏ.சி. நின்னு போவாதா?

— எங்க நிக்கறது. ஜில்லுனு ஓடிகினே இருக்கும். அதான் பேஜாரு. நமக்கு ஒண்ணுமே தெரியாது.

— ஒண்ணுமேவா?

— ஒண்ணுமே. இன்னா தமிழு, எழுந்துட்ட? கோச்சிக்காத. அந்த ஓட்டல்காரன் கிட்ட நானே போயி பேசறேன்.

— அத வுடுக்கா, உன் போனக் குடு. மொதல்ல வூட்டுக்குப் போட்டு மெயின ஆஃப் பண்ணச் சொல்லணும், அப்பறம் அந்தப் பொண்ணு நம்பரு வேணும். எங்க வூட்லயும் சுச்சு விழுந்துகினே இருந்திச்சி, இப்பத்தான் அவரு விழாம பண்ணிக் குடுத்தாரு. கொயந்தய அந்த ஏ.சி.க்குக் கீழதான் தூங்க வெச்சிட்டு வந்துக்கீறேன்.