எரியாத ஐந்து விளக்குகள்

வர்ஷினி: மறுக்கா சொல்லுங்க மாமா. யானை வந்துச்சு. நீங்க அழுத்துனீங்க. எரியல. அவ்வளவுதானா?

திருமூர்த்தி: அவ்வளவுதான். எத்தனை தடவை சொல்றது... காப்பி கொண்டாந்தியா, இல்லையா?

வர்ஷினி: கொண்டாந்திருக்கேன். மொதல்ல ரிமோட்டைக் குடுங்க.

திருமூர்த்தி: ஏன், காப்பிக்கு அடமானமா?

வர்ஷினி: பொண்டாட்டி செஞ்ச சாமானத்தைக் குத்தம் சொல்றீங்க. என்ன குத்தம்னு நான் பாக்க வேண்டாமுங்களா?

திருமூர்த்தி: குத்தம்னு யாரு சொன்னா? மெசினுன்னா ஒரு நாளைக்கு மக்கர் பண்ணும். நம்ம மோட்டாரு பண்ணலையா?

வர்ஷினி: மோட்டாரு ஒண்ணு. இது அஞ்சு வெளக்குப் பொட்டி. நம்ம வாழைத் தோட்டத்து நாலு மூலைக்கு நாலு, பக்கத்து வெள்ளாமைக் காட்டுக் கிருபாசங்கர் அண்ணனுக்கு ஒண்ணு. ஒரு பொட்டி மக்கர் பண்ணலாமுங்க. அஞ்சும் பேசி வெச்சுக்கிட்டா பண்ணும்?

திருமூர்த்தி: பண்ணும். உன்ற பொட்டிதான... உன்னை மாதிரியே...

வர்ஷினி: என்னை மாதிரின்னா?

திருமூர்த்தி: ஒத்துமையா இருக்கும்னு சொல்ல வந்தேன்.

வர்ஷினி: ...ரிமோட்டு.

திருமூர்த்தி: இந்தா.

வர்ஷினி: காவல் பரணுக்கு அக்கட்ட போய் நில்லுங்க. இப்ப அழுத்தறேன். கெணத்து மூலையைப் பாருங்க.

திருமூர்த்தி: ...எரியுது.

வர்ஷினி: வேப்பமரத்து மூலை?

திருமூர்த்தி: எரியுது. இந்த வெயில்லயும் கண்ணு கூசுது.

வர்ஷினி: ரோட்டு மூலை? வாய்க்கா மூலை?

திருமூர்த்தி: எரியுது, எரியுது. விடு கண்ணு.

வர்ஷினி: அப்ப வெடியால இருட்டுல மட்டும் ஏன் எரியல?

திருமூர்த்தி: பனி. எப்படி எறங்கிக் கெடந்துச்சு தெரியுமா? ஏரியல் கம்பியில தண்ணி கோத்திருக்கும்.

வர்ஷினி: போன வாரம் மழையிலயே எரிஞ்சுதுங்க. மூடியைச் சுத்திப் பசை வெச்சு அடைச்சிருக்கேன்.

திருமூர்த்தி: தூரமா இருக்கும்.

வர்ஷினி: பரணுல இருந்து எல்லா மூலைக்கும் எட்டும். அண்ணன் காட்டுக்கும் எட்டும். நம்மூட்டு மொட்டை மாடியில இருந்து அழுத்துனாக்கூட எட்டும்.

திருமூர்த்தி: அங்கிருந்தெல்லாம் எதுக்குச் சோதிச்ச?

வர்ஷினி: எதுவரைக்கும் எட்டும்னு தெரிய வேண்டாமா... பேட்டரி புதுசு. ஈயம் வெச்சுப் பத்துன எடம் எதுவும் விட்டுப்போகல.

திருமூர்த்தி: மொத தடவை ரோட்டு மூலைப் பொட்டி ஊமையாட்ட நின்னுச்சே. அதை மறந்துட்டயா?

வர்ஷினி: மறக்கல. உள்ள இருக்கற சின்ன சுவிட்ச்சுல ஒண்ணை மாத்தி வெச்சுட்டேன். என்ற தப்புதான். இந்த ரிமோட்டு ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்புடுதுங்க. பொட்டிக்குள்ளயும் அதே எண்ணு இருந்தாத்தான் அது திரும்பிப் பாக்கும். அன்னைக்கு ஒரு பொட்டியில எண்ணு மாறிப்போச்சு, அது ஒண்ணு மட்டும் திரும்பல. மத்ததெல்லாம் எரிஞ்சுதா இல்லையா?

திருமூர்த்தி: எரிஞ்சுது.

வர்ஷினி: அதாங்க. ஒண்ணுக்குக் கேக்கலீன்னா அதுங் காதுல கோளாறு. அஞ்சுக்கும் கேக்கலீன்னா, கூப்புட்டவங்க வாயிலதான் கோளாறு.

திருமூர்த்தி: என்ற வாய் நல்லாத்தான் இருக்குது. காப்பி ஊத்திப் பாரு.

வர்ஷினி: வெளையாடாதீங்க மாமா. அண்ணன் வேலிக்குக் கம்பி வாங்கி வெச்சிருக்காரு. வெளக்குக்கு யானை திரும்புனா கம்பியை அப்படியே மூலையில போட்டுருவேன், இல்லீன்னா கரண்டைக் குடுத்துருவேன்னு உங்க முன்னாலதான சொன்னாரு?

திருமூர்த்தி: சொன்னாரு.

வர்ஷினி: எரியலைன்னு அவருகிட்டயும் சொல்லப்போறீங்களா?

திருமூர்த்தி: ...அவரேதான் வாராரு, அக்கட்ட பாரு.

கிருபாசங்கர்: ஏப்பா திருமூர்த்தி... உங்கூட்டுக்குப் பின்னால வாய்க்கா கரையை எவன் இப்படிச் சரிச்சுப்போட்டான்? பொக்லைன் உட்டாப்புல கெடக்குது.

திருமூர்த்தி: வாங்ணா. காப்பி குடிக்கிறீங்ளா?

கிருபாசங்கர்: காப்பி இருக்கட்டும். வெடியால வந்துச்சுதான? நாய் கொலைச்சு என்னை எழுப்பி உட்டுச்சு. வாசல்ல நின்னு என்ற பொட்டியையே பாத்துட்டிருந்தேன். பனியைத் தவிர ஒண்ணுந் தெரியல. மின்மினி அளவுக்குக்கூட வெளிச்சம் வரல.

வர்ஷினி: இப்ப எரியுதுங்ணா. பாருங்.

கிருபாசங்கர்: கோவிச்சுக்காத அம்மணி. சரவணம்பட்டி காலேஜுல படிச்ச புள்ள, நல்ல மனசோட செஞ்ச. நான் இல்லைங்கல. ஆனா வெயில்ல எரிஞ்சு யாருக்குப் பிரயோசனம்? இன்னைக்குப் பொழுதோட கம்பியை இழுத்துருவேன்.

வர்ஷினி: கரண்டு வெச்சாச் செத்துருமுங்ணா.

கிருபாசங்கர்: தெரியும். அது குத்தம்னும் தெரியும். எனக்கென்ன ஆசையா? போன தையில யானை பூந்து என்ற காடு கெடந்த கெடப்பை நீயும் வந்து பாத்த. நீ சொன்னதுக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன். பொட்டி எரிஞ்சிருந்தா நான் பேசுவனா?

திருமூர்த்தி: அண்ணா...

கிருபாசங்கர்: நீயே சொல்லுப்பா. எரிஞ்சுதா?

திருமூர்த்தி: எரியலீங்.

கிருபாசங்கர்: கேட்டுக்கிட்டயா அம்மணி?

திருமூர்த்தி: எரியல... நான் அழுத்தல.

கிருபாசங்கர்: என்னது?

திருமூர்த்தி: ரிமோட்டு கையிலதான் இருந்துச்சு. கட்டை வெரலு பொத்தான் மேலயேதான் இருந்துச்சு. அழுத்தல.

கிருபாசங்கர்: தூங்கிட்டயா?

திருமூர்த்தி: தூங்கியிருந்தா தூங்கிட்டேன்னே சொல்லியிருப்பேன். சொல்றதுக்கு அது லேசு.

கிருபாசங்கர்: பயந்துட்டயா?

திருமூர்த்தி: பயந்திருந்தா அழுத்தியிருப்பேனுங்.

கிருபாசங்கர்: பின்ன?

திருமூர்த்தி: சொன்னாச் சிரிப்பீங்க.

கிருபாசங்கர்: என்ற மொகத்தைப் பாத்தாச் சிரிக்கற மாதிரியா இருக்குது?

வர்ஷினி: சொல்லுங்க மாமா.

திருமூர்த்தி: ...மொதல்ல சத்தமே இல்லீங்ணா. அத்தனை பெரிய உருப்படி நடந்து வாரப்ப ஒரு சருகுகூட நொறுங்கல. பனியே ஒரு எடத்துல கட்டியாகி நவுந்து வார மாதிரி இருந்துச்சு. ரெண்டு பெருசு, நடுவுல ஒரு குட்டி. அழுத்தலாம்னு வெரலை வெச்சேன். அதுக்குள்ள குட்டி வாய்க்காலுக்குள்ள வழுக்கி உழுந்துபோடுச்சு.

கிருபாசங்கர்: நம்ம வாய்க்காலுக்குள்ளயா?

திருமூர்த்தி: தண்ணி இல்ல, சேறு. தாய் திரும்பி வந்து கரையில நின்னா. பிளிறல. பதறல. நின்னு... யோசிச்சா.

கிருபாசங்கர்: யோசிச்சாளா?

திருமூர்த்தி: ஆடாம அசையாம நின்னதை வேற என்னன்னு சொல்றது? காரமடைத் தேரு நெலையை விட்டு நவுர்றதுக்கு முன்னால, அத்தனை சனமும் ஒரு நிமிசம் மூச்சை அடக்கும் பாருங்க. எனக்கு அப்படி இருந்துச்சு. பொறவு முன்னங்காலைத் தூக்கிக் கரையை ஒதைச்சா. மண்ணு சரிஞ்சுது. தும்பிக்கையால தொட்டுப் பாத்தா. பத்தலை. மறுக்கா ஒதைச்சா, மறுக்கா தொட்டுப் பாத்தா. கட்டடத்துல மேஸ்திரி மட்டம் பாப்பாரே, அந்த நிதானம்.

கிருபாசங்கர்: அப்ப அந்தக் கரை...

திருமூர்த்தி: அவ போட்ட வழிதானுங். குட்டி ஏறுச்சு, வழுக்குச்சு. ஏறுச்சு, வழுக்குச்சு...

வர்ஷினி: இன்னொருத்தி உள்ள எறங்கிப் பின்னாலிருந்து நெத்தியால முட்டுக் குடுத்தா...

திருமூர்த்தி: ஆமா, நெத்தியாலதான்... உனக்கெப்படி...

கிருபாசங்கர்: இருப்பா. ஏறுச்சா, இல்லையா?

திருமூர்த்தி: ஏறிப்போடுச்சுங்.

கிருபாசங்கர்: ...ஏறிப்போடுச்சு.

திருமூர்த்தி: ஏறுன ஒடனே தாய் அதைக் காலுக்கடியில நிறுத்தி, மேல இருந்த சேத்தையெல்லாம் வழிச்சு உட்டா. காதுக்குப் பின்னாலகூட. நம்ம புள்ளைக்குத் தலை தொவட்டறமே, அதேதான். அவ மூச்சு புகையாட்டப் போறது பரணுல உக்காந்திருக்கற எனக்குத் தெரிஞ்சுதுங்ணா. குட்டி உள்ள கெடந்தப்ப அஞ்சு வெளக்கையும் பளீர்னு எரிய உட்டிருந்தா...

கிருபாசங்கர்: பெருசுக ஓடியிருக்கும்.

திருமூர்த்தி: குட்டி சேத்துலயே கெடந்திருக்கும்.

கிருபாசங்கர்: சரி, ஒத்துக்கறேன். ஏறுன பொறவு? அப்பவாவது அழுத்தியிருக்கலாமில்ல?

திருமூர்த்தி: அழுத்தியிருக்கலாம்.

கிருபாசங்கர்: ஏன் அழுத்தல?

திருமூர்த்தி: அதைத்தானுங் அப்பப் புடிச்சு யோசிக்கறேன். புளியங்கொட்டை அளவு பொத்தான். அதை அழுத்துனா அஞ்சு எடத்துல வெளிச்சம் வரும், அவ்வளவு பெரிய சீவன் வெருண்டு ஓடும். பொத்தானைப் பாத்தேன். அவளைப் பாத்தேன்... வெரலு எறங்கலீங்ணா.

கிருபாசங்கர்: வாழை?

திருமூர்த்தி: தின்னாங்க.

கிருபாசங்கர்: எத்தனை மரம்?

திருமூர்த்தி: எண்ணல.

கிருபாசங்கர்: நீயெல்லாம் ஒரு வெவசாயியா?

திருமூர்த்தி: அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துச்சுங்.

கிருபாசங்கர்: பொண்டாட்டி செஞ்ச பொட்டி மேல பழியைப் போட்ட பாரு, அதுதான் நெம்பக் கேவலம்.

திருமூர்த்தி: அவ மூஞ்சியைப் பாத்து எப்படிங் சொல்றது? அது எரியோணும்னுதான் அத்தனை பாடுபட்டா. யானையை வேடிக்கை பாத்துட்டேன்னா...

வர்ஷினி: ...காப்பி ஆறுது. குடிங்க ரெண்டு பேரும்.

கிருபாசங்கர்: குடு... ஏப்பா, குட்டி எவ்வளவு ஒசரம் இருக்கும்?

திருமூர்த்தி: நம்ம கன்னுக்குட்டிக்குக் கொஞ்சம் மேல. தலையெல்லாம் செம்பட்டை முடி, சிலுத்துட்டு நின்னுச்சு.

கிருபாசங்கர்: பொறந்து நெம்ப நாள் ஆயிருக்காது... நாய் கொலைச்சப்ப அங்கியே நின்னு போட்டேன். நாலு எட்டு எடுத்து வெச்சு வந்திருக்கலாம்.

வர்ஷினி: அண்ணா, பொட்டியில கோளாறு இல்லைன்னு ஒத்துக்கறீங்ளா?

கிருபாசங்கர்: பொட்டியில இல்ல அம்மணி. ஆளுலதான்.

வர்ஷினி: அப்ப கம்பி?

கிருபாசங்கர்: இப்பத்தான் கம்பி வேணும்னே தோணுது. கரண்டுக்கு ஆளு வேண்டியதில்ல. யாரும் முழிச்சிருக்க வேண்டாம். யாரும் பாக்க வேண்டாம், யாரும் அழுத்த வேண்டாம்.

வர்ஷினி: குட்டின்னும் பாக்காதுங்ணா.

கிருபாசங்கர்: இந்தா, டம்ளரைப் புடி அம்மணி.

வர்ஷினி: எதையும் தும்பிக்கையாலதான மொதல்ல தொட்டுப் பாக்கறா.

கிருபாசங்கர்: போதும் அம்மணி... போதும். கம்பி கெடக்கட்டும். ஆனா இவன்கிட்ட ரிமோட்டைக் குடுத்துட்டு நான் நிம்மதியாக் கண்ணு மூட முடியாது. எனக்கும் ஒண்ணு வேணும். இன்னைக்கே வேணும். நான் அழுத்துவேன்.

திருமூர்த்தி: அழுத்துவீங்ளா?

கிருபாசங்கர்: குட்டி கரையேறுன பொறவு அழுத்துவேன். போதுமா?

திருமூர்த்தி: செய்யறதுக்கு நாளாகுமுங்ணா. காந்திபுரம் போயிச் சாமானம் வாங்கியாரோணும். இருக்கறது இது ஒண்ணுதான்.

கிருபாசங்கர்: அப்படியா அம்மணி?

வர்ஷினி: ...ரெண்டு இருக்குதுங்ணா.

திருமூர்த்தி: ரெண்டா? எப்பச் செஞ்ச?

வர்ஷினி: ரெண்டுலயும் ஒரே எண்ணுதான். எதை அழுத்துனாலும் அஞ்சும் எரியும். பரணுல நீங்க தூங்கிப்போட்டீங்கன்னா... ஒரு தொணைக்கு இருக்கட்டும்னு.

கிருபாசங்கர்: பாத்தியாப்பா, இதுதான் புத்தி. எங்க வெச்சிருக்க, போய் எடுத்துக்கறேன்.

வர்ஷினி: மொட்டை மாடியிலங்ணா. கைப்புடிச் சொவத்து மேல.

கிருபாசங்கர்: அத்தனை பனியில அங்க எதுக்கு வெச்ச?

வர்ஷினி: குட்டி கரையேறுன பொறவு, கையிலிருந்ததை அங்கியே வெச்சுப்போட்டுக் காப்பி வெக்கக் கீழ எறங்கிட்டேனுங்.